எண்ணூரிலிருந்து ராயபுரம்: பெரியப்பாவும் அவருடைய மைட்டோகாண்ட்ரியாவும்

என் பெரியப்பாவுக்குப் பார்க்கின்சன் நோய். வயது ஐம்பத்து நான்கு. மணலியில் டேங்கர் லாரி ஓட்டியவர். இரண்டு மாதத்துக்கு முன் ராயபுரம் மருத்துவமனைக்கு மாத்திரை வாங்கத் தனியாகப் போனபோது, அங்கே இறங்கும் நேரத்தில் ரயில் கதவருகே அவர் கால்கள் தரையோடு ஒட்டிக்கொண்டன. "காலங்காத்தாலயே ஊத்திக்கினு வந்துட்டான்" என்று பின்னால் நின்றவர்கள் திட்டினார்கள். இறங்க முடியாமல் கடற்கரை நிலையம்வரை போய்விட்டார். அதன்பின் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. மருத்துவரோ, நேரில் பார்க்காமல் மாத்திரையின் அளவை மாற்ற முடியாது என்று சொல்லிவிட்டார். அதனால் போன சனிக்கிழமை நான் அழைத்துப் போனேன். இப்படி யாரையாவது அழைத்துப் போக இருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

எண்ணூரில் 8.12க்குக் கடற்கரை வண்டி. சென்ட்ரல் வண்டியில் ஏறாதீர்கள், அது ராயபுரம் போகாது. டிக்கெட் ஐந்து ரூபாய், தூரம் சுமார் பதினைந்து கிலோமீட்டர். மேம்பாலப் படிகளில் பெரியப்பா என்னைவிட வேகமாக ஏறினார்! சமதரையில்தான் நின்றுவிடுகிறார். தாண்டுவதற்குப் படியோ கோடோ கண்ணில் பட்டால், மூளை வேறொரு வழியாகக் காலுக்குச் செய்தி அனுப்பிவிடும் என்று படித்திருந்தேன். ஆகவே பையில் சாக்பீஸ் வைத்திருந்தேன்.

கத்திவாக்கம் தாண்டியதும், "எனக்கு இன்னாதான் ஆச்சு, புரியறாப்ல சொல்லு" என்றார். கை கால் அசைய உதவும் டோபமைனைச் செய்யும் நரம்பு செல்களுக்கு மிக நீளமான கிளைகள் உண்டு, அதனால் ஆற்றலும் நிறைய வேண்டும் என்றேன். ஆற்றல் தருவது செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா. பழுதானவற்றைச் செல் தானே அப்புறப்படுத்தும். அந்த வேலை தடைபட்டால் பழுது சேர்ந்துகொண்டே போகும். கடைசியில், செல் தன்னையே அழித்துக்கொள்ளும் உத்தரவும் மைட்டோகாண்ட்ரியாவிலிருந்தே கிளம்பலாம். எது முதலில் கெடுகிறது என்பது இன்னும் முழுதாகத் தெரியவில்லை.

"இன்ஜினைக் கழட்டி வேற மாட்ட முடியாதா?"

"இப்போதைக்கு முடியாது பெரியப்பா. மாத்திரை டோபமைன் குறைவை மட்டும்தான் ஈடுகட்டும்."

"ஓட்ட டேங்கர்ல ஊத்திகினே இருக்கணும்னு சொல்லு" என்று சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

கொருக்குப்பேட்டையில் கதவருகே உட்கார்ந்து மூன்று கோடுகள் போட்டேன். எதிரே நண்டுக் கூடையோடு ஒரு அக்கா.

"இன்னாமே, ரயில்லயே பாண்டி ஆடப் போறியா?"

விஷயத்தைச் சொன்னேன். பெரியப்பா தலையைக் குனிந்துகொண்டார். "வுடு கண்ணு, எல்லாரும் பாக்குறாங்க."

வண்ணாரப்பேட்டை தாண்டியதும் அந்த அக்காவும் இறங்குவதற்காகக் கூடையைக் கதவுப்பக்கம் இழுத்தார். ஒழுகிய தண்ணீரில் என் கோடுகள் அழிந்தே போயின. ராயபுரம் வந்துவிட்டது. வண்டி நிற்பது அரை நிமிடம்தான். பெரியப்பாவின் கால் நகரவில்லை. பதற்றத்தில் நான் கையைப் பிடித்து இழுத்தேன். அவர் இன்னும் விறைத்துப்போனார்.

"யோவ், எறங்குய்யா! குடிச்சிட்டு வந்து வழில நிக்கிற!" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"த்தோடா! உனுக்கு இன்னா கப்பலா கெளம்பிடும்? சும்மா கெட!" என்று அவரை அடக்கிய அக்கா, என் பக்கம் திரும்பினார். "கைய வுடுமே!" தலைச்சுமைக்கு வைக்கும் சும்மாட்டுத் துணியைப் பெரியப்பாவின் கால்முன் போட்டார். "தாண்டு நைனா!"

பெரியப்பா குனிந்து பார்த்தார். வலது கால் எழுந்தது. துணியைத் தாண்டி, அடுத்த அடி நடைமேடையில். நேரம் 8.54.

மருத்துவமனையில் "எப்படி வந்தீங்க?" என்று மருத்துவர் கேட்டார். "டிரெயின்ல. ராயபுரத்துலயே எறங்கினேன்" என்றார் பெரியப்பா. மருத்துவருக்கு அதில் என்ன விசேஷம் என்று புரிந்திருக்காது.

நீங்கள் போவதாக இருந்தால்: மாத்திரை வேலை செய்யும் நேரமாகப் பார்த்துக் கிளம்புங்கள். ஒரு நிலையம் முன்பே எழுந்து நில்லுங்கள். சாக்பீஸை நம்பாதீர்கள், துணி கொண்டுபோங்கள். இழுக்கவே இழுக்காதீர்கள்.

செத்த செல்கள் திரும்ப வராது என்பதை எத்தனை புத்தகம் படித்தும் என்னால் மாற்ற முடியவில்லை. ஆனால் நேற்று பெரியப்பா, பெரம்பூரில் இருக்கும் அத்தையைப் பார்க்க வேண்டும் என்றார். பேசின் பிரிட்ஜில் வண்டி மாற வேண்டுமே, இரண்டு முறை இறங்க வேண்டுமே என்றேன்.

"ரெண்டு கதவுதானே கண்ணு?" என்றார்.