புகையண்ணனின் ஜன்னல்

முதலில் ஜன்னலைச் சாத்துவார். தாழ்ப்பாளை உள்ளங்கையால் ஒரு குத்து. பிறகுதான் தணல் சட்டியில் குங்கிலியமும் வசம்புத்தூளும் தூவி, கன்னம் உப்ப ஊதி, அறையின் மூலைமூலையாகக் காட்டுவார். கடைசியில் தன் மீசைக்கும் ஒரு காட்டு. நான் மருந்து கட்டிக்கொடுக்கும் ஆயுர்வேத வைத்தியசாலையில் எண்ணெய் தேய்ப்பவர். எல்லோருக்கும் அவர் புகையண்ணன்.

ஆட்டிசம் உள்ள ஒரு சிறுமியை அவள் அப்பா எங்களிடம் கூட்டிவந்தார். அவளுக்குப் பேச்சு கிடையாது. ஒவ்வாமையால் சிவந்து வீங்கிய கண்களைத் தன் முஷ்டியாலேயே குத்திக்கொள்வாள். இப்படியே போனால் பார்வை போய்விடும் என்று கண் டாக்டர் சொல்லியிருந்தார்.

"ஆட்டிசத்த மாத்துறேன்னு நான் சொல்லமாட்டேன்," என்றார் எங்கள் வைத்தியரம்மா. "டாக்டர் குடுத்த சொட்டு மருந்த நிறுத்தாதீங்க. எண்ணெய் தேய்ச்சா நல்லாத் தூங்குவா. கை கண்ணுக்குப் போகாம இருந்தாப் போதும்."

அறைக்குள் நுழைந்தாலே போர். கடிப்பாள், கட்டிலில் தலையை மோதுவாள், கைக்குக் கிடைத்ததை எறிவாள். புகையண்ணனின் முன்கையில் ஒரு பல்தடம் ஆறுவதற்குள் அடுத்தது விழும்.

"இவ பாதி தின்னுட்டா. மீதி வீட்டுக்காரிக்கு," என்பார். அடங்காவிட்டால் புகையைக் கூட்டுவார். புகை மனசை அடக்கும் என்பது அவர் நம்பிக்கை.

அன்று அவள் அப்பா பொறுமையிழந்து, துண்டால் அவள் கைகளைக் கட்டிலோடு கட்டினார். அவள் திமிறினாள். அறைந்தார். உதடு கிழிந்தது.

"கட்ட அவுத்துவிடு தம்பி," என்றார் புகையண்ணன்.

"கண்ணு போனா நீயா குடுப்ப?"

மறுபடி ஓங்கிய கையைப் புகையண்ணன் முறுக்கி, ஆளைச் சுவரில் மோதினார். அப்பா முழங்கையால் விலாவில் இடித்தார். இருவரும் உருண்டதில் எண்ணெய் கவிழ்ந்தது. அதற்குள் துண்டிலிருந்து கைகளை உருவிக்கொண்ட சிறுமி, எண்ணெய் வார்க்கும் பித்தளைக் கிண்டியை வீசினாள். ஜன்னலுக்கு முன்னால் எழுந்து நின்ற புகையண்ணனின் வாயில் பட்டது. முன்பல் இரண்டு தரையில் விழுந்தன. அவர் குனிந்தார். அடுத்து வந்த மருந்துக் குழவி கண்ணாடியை நொறுக்கியது.

காற்று வந்தது. அவள் முகத்தை அதற்கு நீட்டியபடி நின்றாள். கை கண்ணுக்குப் போகவில்லை.

"எண்ணெய் பிடிச்சிருச்சு," என்றார் அப்பா, மூக்கு ரத்தத்தைத் துடைத்தபடி.

"என் பல்லுதான் பிடிக்கல," என்றார் புகையண்ணன்.

பிறகு கண்ணாடி மாற்ற வந்த தச்சர் என்னைக் கூப்பிட்டார். "என்னங்க, திருடன் உள்ள இருந்தா உடைச்சான்?"

தாழ்ப்பாளைச் சுற்றி மரம் முழுக்கப் பழைய வடுக்கள். கிண்டி விளிம்பு, கிண்ண விளிம்பு, மரக்கரண்டி முனை. வந்த நாள்முதல், புகை எரித்த கண்களோடு அவள் எறிந்ததெல்லாம் அந்தத் தாழ்ப்பாள் மேல்தான்.