பாதிச் சோற்றில் எழுந்தவர்கள்

“எந்திச்சிட்டா! பாத்தீங்களா சாரே, எந்திச்சிட்டா!”

டி.வி.யை நோக்கி வைகுண்டராஜன் நீட்டும் கையில் சாம்பார் சோறு ஒட்டியிருக்கிறது. திரையில் ஒரு மருமகள் முதல் கவளத்தைத் தட்டிலேயே உதறிவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடுகிறாள். மாமியார் ஏதோ சொல்லிவிட்டாளாம். என்ன சொன்னாள் என்பதை அவர் காதில் வாங்கவில்லை. மேசைமேல் அப்படியே கிடக்கும் நாலு கறியையும் பாயசத்தையும்தான் பார்க்கிறார். “அழணும்னா தின்னுட்டு அழப்பிடாதா? ஆக்கிப்போட்டவன் மனுசன் இல்லியா?”

பகல் ஒன்றரை மணித் தொடர் இது. வாரத்தில் ஆறு நாளும் இந்த நேரத்துக்குத்தான் அவருக்குச் சாப்பாடு. சுசீந்திரத்தில் அவர் வீட்டை ஒட்டிய வீட்டில் நான் வாடகைக்கு இருக்கிறேன். பள்ளிக்கூட வாத்தியார், தனியாள். சனிக்கிழமை மதியம் எனக்கும் அங்கே ஒரு இலை விழுந்துவிடும். பதிலுக்கு நான் செய்ய வேண்டியவை இரண்டு. அவருடைய அபிப்பிராயங்களைக் கேட்க வேண்டும். அவர் எழுவதற்குமுன் நான் எழக் கூடாது. பசியுள்ள எவனும் ஒப்புக்கொள்ளக்கூடிய நிபந்தனைகள்தான்.

அஞ்சுகிராமம் முதல் கருங்கல் வரை நாற்பது வருஷம் கல்யாணச் சமையல் செய்தவர் வைகுண்டராஜன். வயது அறுபத்தொன்பது. நெற்றியில் அய்யாவழி நாமம், முன்கை முழுக்க எண்ணெய் தெறித்த தழும்பு. முழங்கால் மடங்க மறுத்ததும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். மண்டபத்தில் கழித்துவிட்ட பந்தி மேசை ஒன்றை வாங்கி வந்து டி.வி.க்கு எதிரே போட்டிருக்கிறார். ஐந்து பேர் வரிசையாக இருந்து சாப்பிடலாம். அதன் ஒரு ஓரத்தில் அவர் மட்டும் சாப்பிடுவார்.

படமோ தொடரோ போட்டியோ, எதுவானாலும் அவர் பார்ப்பது சோற்றைத்தான். சண்டைப் படங்கள் அவருக்கு ஆகாது. ஒரு படத்தில் கதாநாயகன் கல்யாண மண்டபத்துக்குள் பத்துப் பேரைத் தூக்கி அடித்தான். ஒருவன் போய்ப் பாயச அண்டாவில் விழுந்தான். தியேட்டரில் விசில் பறந்திருக்கும். இவர் அன்று முழுக்கப் பாயசத்துக்குத் துக்கம் கொண்டாடினார். “முந்நூறு பேருக்குள்ள பாயசம் சாரே. அடுத்த பந்தி காத்து நிக்கில்லா, அவங்களுக்கு யாரு பதில் சொல்லுவா? அவனா?”

ராஜா காலத்துப் படம் ஒன்றில், தக்காளியே நம் ஊருக்கு வந்திராத காலத்து விருந்து ரசத்தில், தக்காளி மிதந்ததைக் கண்டுபிடித்தார். அதோடு அந்த ராஜாவின் மேலேயே அவருக்கு நம்பிக்கை போய்விட்டது. நாற்பது வருஷம் பூட்டிக் கிடந்த பேய் பங்களாவின் அடுக்களைச் சுவரில் கரி இல்லை என்பதால் பேய்க்குப் பயப்பட மறுத்தார். “ஆக்காத வீட்டுக்கு பேய் எதுக்கு வரும்?” சமையல் போட்டி நடுவர்களைப் பற்றி அவர் சொன்னதில் பாதியைத்தான் எழுத முடியும். “ஒரு கரண்டி நக்கிட்டு மார்க்கு போடுயானுவ. ஒரு எல சோறு தின்னு தீக்காதவனுக்கு ருசி என்னத்த தெரியும்?” கல்யாணக் காட்சியில் இலையின் நுனி வலப்பக்கமாக இருந்ததற்காக ஒரு படத்தையே பாதியில் அணைத்தார். இப்போது பாதியில் எழுந்தது யார் என்று நான் கேட்கவில்லை. அன்று அவியல் நன்றாக இருந்தது.

தமிழ் பேசும் கொரியாத் தொடர்களுக்கு மட்டும் தனி மரியாதை. கதை பிடிபடாது, முகங்களும் குழம்பும். ஆனாலும், “அவனுவ தின்னு முடிக்கானுவ சாரே. காதலி விட்டுட்டு போனாலும் கிண்ணத்த காலி பண்ணிட்டுத்தான் அழுவானுவ. அதாக்கும் மனுசன்.”

இவ்வளவு கோபம் ஏன் என்று எனக்கு ரொம்ப நாள் புரியவில்லை. ஒரு சனிக்கிழமை அவராகவே சொன்னார்.

மனைவி முத்துக்கனி, பேத்தி பிறந்தபோது மூன்று மாதத்துக்கென்று சென்னைக்குப் போனவர். பேத்தி இப்போது ஒன்றாம் வகுப்பு. மகள் இந்துஜாவும் மருமகனும் வேலைக்குப் போகிறார்கள். வீட்டில் ஆள் வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இவரும் அங்கேயே இருந்துவிடலாம் என்று போனார். பதினோரு நாள் தாங்கினார். அங்கே அவரவர் தட்டை எடுத்துக்கொண்டு அவரவர் அறைக்குப் போய்விடுவார்களாம். பதினோராம் நாள் பேத்தியின் பிறந்தநாள். விடியுமுன் எழுந்து, முழங்கால் வலியோடு நின்று, பதினெட்டு வகை செய்தார். பேத்தியின் கூட்டாளிப் பிள்ளைகளோடு எல்லாரையும் ஒரே வரிசையில் உட்கார வைத்துப் பரிமாறி, தானும் உட்கார்ந்தார். மணி அடித்தது. மருமகன் வாசலுக்குப் போய் நாலு பீட்சாப் பெட்டியோடு திரும்பினார். “மாமா, பசங்க இதெல்லாம் சாப்பிட மாட்டாங்க” என்றார். இரண்டு கவளம் உண்டிருந்த வைகுண்டராஜன் எழுந்து கை கழுவினார். அன்று மாலையே ரயில் ஏறினார்.

“வீட்டம்மா என்ன செஞ்சாங்க?” என்று கேட்டேன்.

“அவ இருந்து தின்னு முடிச்சா. பாயசம் வரைக்கும். பந்தி மரியாத தெரிஞ்சவ.”

சொல்லிவிட்டு இலையோரத்து உப்பை விரலால் தேய்த்துக்கொண்டே இருந்தார். எனக்கு அந்த அம்மாள்மேல் கோபம் வந்தது. கொஞ்ச நேரத்தில் இவர்மேலும் வந்தது.

“நீங்களே ஒரு நடை போய்ட்டு வரலாமே?”

“எந்திச்ச எலையில திரும்ப இரிக்கப்பிடாது சாரே. அடுத்த பந்திக்கு வந்து கூப்பிடணும். கூப்பிட்டா போவேன்.”

கல்யாண வீட்டுச் சட்டத்தை அவர் தன் குடும்பத்துக்கும் போட்டு வைத்திருக்கிறார். அங்கே இருப்பவர்களுக்கு அப்படி ஒரு சட்டம் இருப்பதே தெரியாது. அப்பாவுக்குச் சென்னை ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அதற்காகப் பேச்சு நின்றுவிடவில்லை. அங்கேயும் இதே தொடர், இதே ஒன்றரை மணி. விளம்பரம் வந்ததும் முத்துக்கனி போன் செய்வார். இவர் டி.வி. சத்தத்தை நிறுத்துவார். “பாத்தியளா, ஒங்க ஆளு இன்னைக்கும் எந்திச்சிட்டா” என்று அங்கிருந்து கேலி வரும். “ஏட்டி, அவளுக்கு பசியே கெடையாது” என்று இவர் சிரிப்பார். சோப்பும் நகைக்கடையும் முடிந்து கதை தொடங்கியதும் வைத்துவிடுவார்கள். ஒரு நாளைக்கு மூன்று விளம்பரம். இரண்டு வருஷம் அவர்கள் குடித்தனம் நடந்தது அந்த மூன்று விளம்பரத்தில்தான்.

போன மாதம் மகள் வீட்டில் கேபிளை எடுத்துவிட்டு இன்டர்நெட் டி.வி.க்கு மாறினார்கள். அதில் அன்றைய எபிசோட் காலை ஆறு மணிக்கே வந்துவிடுகிறது. விளம்பரமும் இல்லை. மாறிய முதல் நாள் ஒன்றரை மணிக்கு இரண்டு விளம்பரம் போன் வராமல் கழிந்தது. மூன்றாவதில் இவரே போன் செய்து, “இன்னைக்கு பாத்தியா?” என்றார். “அத நான் காலையிலயே பாத்துட்டேனே” என்றார் முத்துக்கனி. அதற்குமேல் பேச ஒன்றும் இல்லாமல் போயிற்று. இப்போது ஞாயிற்றுக்கிழமை ஒரு போன் வருகிறது. மாத்திரை சாப்பிட்டாரா என்று கேட்பதோடு முடிகிறது.

போன சனிக்கிழமை அந்தத் தொடரில் ஒரு அதிசயம் நடந்தது. மருமகள் வழக்கம்போல் எழுந்து ஓடினாள். வழக்கமாக கேமராவும் பின்னாலேயே ஓடும். அன்று ஓடவில்லை. மாமியார் ஒருத்தி மட்டும் மேசையில் இருந்தாள். சோற்றைப் பிசைந்தாள். சாப்பிட்டாள். ரசம் விட்டுச் சாப்பிட்டாள், மோர் விட்டுச் சாப்பிட்டாள். எவ்வளவு கல்நெஞ்சக்காரி என்று காட்டுவதற்காக எடுத்த காட்சி. பின்னணியில் மேளம் மிரட்டியது. வைகுண்டராஜனுக்கு மேளம் கேட்கவில்லை. அறுநூற்றுச் சொச்சம் எபிசோடில் முதல் முழுச் சாப்பாடு.

“முடிச்சிட்டா” என்றார். “சாரே, முடிச்சிட்டா!”

விளம்பரம் வந்தது. இடது கையால் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை நிறுத்தினார். அதே கையால் போனை எடுத்தார். முத்துக்கனியின் பெயர் வரைக்கும் போன விரல் அங்கேயே நின்றது. அந்த அம்மாள் இதைக் காலை ஆறு மணிக்கே பார்த்திருப்பார். மணி இப்போது இரண்டு ஆகப் போகிறது. எனக்கு அது தோன்றியபோதே அவருக்கும் தோன்றியிருக்க வேண்டும். போனைத் திரை மேலே தெரியும்படி இலைக்குப் பக்கத்தில் வைத்தார்.

நான் சாப்பிட்டு முடித்திருந்தேன். இலையை மடிக்கக் கை கொண்டுபோனேன்.

“இரிங்க சாரே. வெளம்பரம் முடியட்டு.”

இருந்தேன். சோப்பும் நகைக்கடையும் தேயிலையும் சத்தமில்லாமல் வாயை அசைத்துவிட்டுப் போயின. தொடர் மறுபடியும் தொடங்கியது. மாமியார் கை கழுவிவிட்டு வந்து யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள். வைகுண்டராஜன் சத்தத்தைக் கூட்டவில்லை. வலது கையில் மோர்ச்சோறு காய்ந்துகொண்டிருக்க, இடது கையைப் போனுக்கு அருகில் வைத்தபடியே இருந்தார்.