எல்லாம் முடிவானபின் ஒரு ஜெபம்

என் வீட்டுக்காரருக்குக் காரைக்குடியில் தொலைபேசி அலுவலகத்தில் வேலை. தொண்ணூறுகளின் தொடக்கம் அது. இணைப்புக்கு எழுதிப் போட்டுக் காத்திருந்தவர்கள் அவரைக் கடைத்தெருவில் மறித்துக் கேட்பார்கள். "வரிசைப்படி வரும். கேட்டாலும் கேக்காட்டியும் வரிசை மாறாது" என்பார். அதையே ஒருநாள் கடவுளைப் பற்றியும் சொல்லத் தொடங்கினார்.

நாங்கள் பரம்பரைக் கத்தோலிக்கர்கள். அந்த வருடம் அவர் மட்டும் வேறொரு சபையின் வேதபாடக் கூட்டத்துக்குப் போய்வந்தார். உலகம் உண்டாகும் முன்பே கடவுள் எல்லாவற்றையும் முன்குறித்துவிட்டார் என்பது அங்கே பாடம். நான் மாதா கோயிலில் நவநாள் செபம் முடித்து வந்தால், "கடவுள் மனசையே மாத்தப் பாக்குறியா?" என்று சிரிப்பார்.

"அப்ப நீங்க எதுக்குக் காலையில முழங்கால் போடுறீக?"

"அவரு மனசை மாத்த இல்ல. என் மனசை மாத்த."

தினமும் மாற்றியும், காபியில் சர்க்கரை குறைந்தால் பொறுத்துக்கொள்ளும் அளவுக்கு அந்த மனம் மாறவில்லை.

தெருக்கோடியில் இருந்த விவசாயியின் எருமை ஒருநாள் கன்று ஈன முடியாமல் தவித்தது. "டாக்டரு பாத்துட்டாரு. நீங்க ஒரு ஜெபம் பண்ணுங்க சார்" என்று வந்து நின்றார். இவர் தொழுவ வாசலில் நின்று, உமது சித்தப்படி ஆகட்டும் என்று சுருக்கமாக முடித்துக்கொண்டார். மத்தியானத்துக்குள் கன்று விழுந்தது. தாயும் பிழைத்தது.

அப்புறம் நேமத்தான்பட்டியிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். நிலத்தகராறு, சிங்கப்பூர் விசா, பெண்ணுக்கு வரன். ஒவ்வொருவரையும் உட்காரவைத்து, ஜெபத்தால் எதுவும் மாறாது என்று பொறுமையாக விளக்கினார். கேட்டுமுடித்த ஒரு பெரியவர் சொன்னார்: "நீங்க சொல்றீக, சரித்தான். அவரு முடிவு பண்ணிட்டாரு. அது நம்ம பக்கமா இருக்கான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க."

மறுக்க மறுக்கக் கூட்டம் கூடியது. நடக்கும் என்று வாய்விட்டுச் சொல்லாதவர் விஷயம் தெரிந்தவராகத்தான் இருக்கவேண்டும் என்று ஊர் முடிவு செய்துவிட்டது.

பிறகு அவருக்கு வேலூர்ப் பக்கம் மாற்றல் வந்தது. எனக்கு இங்கே பள்ளிக்கூட வேலை. உடன் போக முடியாது. "முன்குறித்தபடி ஆகட்டும்" என்று தெம்பாகவே நடமாடினார். ஒரு சாயங்காலம் நான் சீக்கிரம் வீடு திரும்பினேன். உள்ளறையில் முழங்காலிட்டிருந்தார். "ஆண்டவரே, இந்த மாத்தலை நிறுத்தும். அவளை விட்டுட்டு என்னால இருக்க முடியாது." கல்யாணமான நாளிலிருந்து என்னிடம் சொல்லாத வார்த்தை.

சிரிக்கலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். "எல்லாம் முடிவானப்புறம் இது எதுக்கு?" என்று மட்டுமே வந்தது.

துண்டால் முகத்தைத் துடைத்தார். "முடிவு பண்றவருகிட்டதான கேக்க முடியும்? வேற யாருகிட்டப் போய்க் கேப்பேன்?"

கைப்பையை வைத்துவிட்டு அவர் பக்கத்தில் முழங்காலிட்டேன். அவர் கூட்டத்து வழக்கில் ஜெபம் என்றார், நான் கோயில் வழக்கில் செபம் என்றேன், கேட்டது ஒன்றுதான்.

மாற்றல் நிற்கவில்லை. ஜூன் மாதம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். அவரைத் தேடி வந்தவர்களுக்கு நான்தான் பதில் சொல்லவேண்டியிருந்தது. ஒக்கூரிலிருந்து வந்த ஓர் அம்மாவால் நம்பவே முடியவில்லை.

"அவுகளுக்கே மாத்தலா? ஜெபம் பண்ணிக்கலையா?"

"பண்ணுனாக."

"அப்புறம்?"

"முன்னாடியே முடிவாயிருச்சாம்."

அந்த அம்மா வாசலில் செருப்பைக் கழற்றினார். "அப்ப நீங்களாச்சும் எம் மகளுக்காக ஒரு வார்த்தை சொல்லுங்களேன்" என்று உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டார். மகளுக்கு என்ன செய்கிறது என்று கேட்டபடி நானும் எதிரே உட்கார்ந்தேன்.