கை நனைக்காமல் நின்ற மதியம்

விமானம் ரத்து என்று என் வீட்டுக்காரர் கைபேசியைப் பார்த்துச் சொன்னபோது, புனே விமான நிலையத்துக்குள் பெட்டியோடு நின்றுகொண்டிருந்தோம். எங்கள் வீடு இருக்கும் சாங்வியிலிருந்து வெகு முன்னாலேயே அவரைக் கிளப்பியிருந்தேன். டயர் பஞ்சரானால், பாலத்தில் வண்டிகள் அடைத்துக்கொண்டால், பெட்டி எடை கூடிவிட்டால் என்று எல்லாவற்றுக்கும் பயந்தாயிற்று. விமானமே இல்லாமல் போகும் என்று மட்டும் எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் காலை மதுரையில் என் தம்பிக்குக் கல்யாணம். காட்கி ஃபேக்டரியில் இவருக்கு லீவு கிடைத்ததே விமானம் ஏறும் அன்றைக்கிலிருந்துதான். தாலியில் முதல் முடிச்சை மாப்பிள்ளை போடுவான். மற்ற இரண்டும் கூடப்பிறந்தவள் போட வேண்டியது. அவனுக்கு நான் ஒருத்திதான். நான் போகாவிட்டால் சித்தப்பா மகள் போட்டுவிடுவாள், கல்யாணம் ஒன்றும் நின்றுபோகாது. அதை நினைக்கத்தான் இன்னும் பதறியது.

கைபேசியில் வந்ததை அவர் எழுத்துக்கூட்டிப் படித்தார். "பணம் திரும்ப வேணும்னா இதை அமுக்கணுமாம். வேற ஃபிளைட் வேணும்னா அதை."

"எதையும் அமுக்காதீங்க. பணத்தை வெச்சு முடிச்சா போடுறது?"

"அமுக்கலைன்னா ரெண்டும் போயிரும்டி."

"நீங்க அமுக்கினாத்தான் போகும்."

கவுண்டரில் ஒரே கூட்டம். விமானக் கம்பெனி ஆள் ஒருவர் வந்து வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் சாப்பாட்டுக் கூப்பன் கொடுத்தார். பாதிப் பேர் வாங்கிக்கொண்டு மேல் மாடிக்குப் போனார்கள். இவரும் வாங்கினார். நான் அதைப் பிடுங்கிப் பைக்குள் போட்டேன்.

எங்கள் பக்கம் பெண் பார்க்கப் போனால், பேச்சு முடியும்வரை அந்த வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். சாப்பிட்டுவிட்டால் சம்மதம் என்று ஆகிவிடும். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்குச் சட்டம் தெரியாது, இது தெரியும். இந்தக் கம்பெனி போடும் சோற்றைத் தின்றுவிட்டு, இன்றைக்கே அனுப்பு என்று எந்த வாயால் கேட்பது?

"நான் சுகர் மாத்திரை போட்டிருக்கேன்," என்றார் அவர். "அது சம்பந்தி வீட்டு இட்லி இல்லை, கடை இட்லி."

"சீட்டு கைக்கு வரட்டும்."

"அதுக்குள்ள நான் போய்ச் சேந்திருவேன்."

எங்கள் முறை வந்தது. கவுண்டர் பெண்ணுக்குத் தொண்டை கட்டியிருந்தது. என் இந்தியில், "பெஹ்லே டிக்கெட். கானா பாத் மே," என்றேன். முதலில் டிக்கெட், சாப்பாடெல்லாம் அப்புறம். அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஆன்ட்டி, கானா அலக், டிக்கெட் அலக்," என்றாள். இரண்டும் வேறு வேறாம். காக்க வைத்ததற்குச் சாப்பாடு, ரத்து செய்ததற்கு வேறு விமானம். இரண்டையும் கேட்க எங்களுக்கு உரிமை இருக்கிறதாம். பணம் போதும் என்று நாங்களாகச் சொன்னால்தான் பயணம் முடிந்ததாக அர்த்தம். பின்னால் நின்ற மராட்டிக்காரம்மா, "ஹோ, பரோபர்," ஆமாம், சரிதான் என்று தலையாட்டினாள். இரண்டு பேரும் சேர்ந்து ஏமாற்றுகிறார்களோ என்றும் ஒரு நிமிடம் தோன்றியது.

அப்போதுதான் இவர் விரல்கள் நடுங்குவதைப் பார்த்தேன். நெற்றியெல்லாம் வியர்வை. கூப்பனைக் கையில் திணித்து, "போய்ச் சாப்பிடுங்க," என்றேன். ஏதோ விட்டுக்கொடுத்தவள் மாதிரி இருந்தது.

அவர் போன கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண், சாயந்திரம் ஹைதராபாத் வழியாக மதுரைக்கு ஓர் இடம் இருப்பதாகச் சொன்னாள். ஒன்றே ஒன்று. இரண்டு பேர் சேர்ந்து போக வேண்டுமென்றால் நாளை மத்தியானம்தான். இவருக்கு ஃபோன் அடித்தேன், எடுக்கவில்லை. தனியாக நான் பக்கத்து ஔந்த் தாண்டி பஸ்ஸில்கூடப் போனதில்லை. "ஜல்தி, ஆன்ட்டி," என்று அவசரப்படுத்தினாள். அந்த இடத்தை எனக்குப் போடச் சொல்லிவிட்டேன்.

சட்டையில் சாம்பாரோடு வந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"அப்ப நான்?"

"நாளைக்கு மத்தியானம்."

"பந்தியே எடுத்திருப்பாங்க." சட்டையில் இருந்த சாம்பாரைத் தேய்த்துப் பார்த்தார். பிறகு, "ஹைதராபாத்துல மாறணுமே, போயிருவியா?" என்றார்.

"மாத்தி ஏறிட்டா?"

"ஏத்த மாட்டாங்க. நீ கேக்கிற கேள்வியில எவன் மாத்தி ஏத்துவான்."

ஹைதராபாத்தில் சீருடை போட்டவர் எல்லோரிடமும், தரை துடைத்தவரிடமும், இது மதுரைதானே என்று கேட்டேன். எழுந்து போனால் விமானம் ஏறும் வாசலை மாற்றிவிடுவார்களோ என்று கழிப்பறைக்குக்கூடப் போகவில்லை.

மறுநாள் மேளம் உச்சத்துக்குப் போனபோது பெண்ணுக்குப் பின்னால் நின்றேன். தம்பி முதல் முடிச்சைப் போட்டுக் கயிற்றை என் விரலில் விட்டான். போட்டேன், இழுத்துப் பார்த்தேன். மறுபடி போட்டேன், மறுபடி இழுத்தேன், கை நிற்காமல் போட்டுக்கொண்டே போனேன்.

"ரெண்டுதான்க்கா," என்றான் உதடு அசையாமல். "நாலாயிருச்சு."

"அவுந்துட்டா?"

"அவ கழுத்தை நெரிச்சிராதே."

குனிந்திருந்த பெண்ணின் தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பயந்து எட்டிப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.