காது மந்தம் என்று நினைத்திருந்தேன்

எழுபதுகளின் கடைசியில் சன்னதித் தெருவுக்குப் பின்னால் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். எனக்குத் தாலுகா ஆபீஸில் குமாஸ்தா வேலை. நான் சாப்பிடும்போது மனைவி பக்கத்தில் நின்று பரிமாறுவாள். நான் எழுந்த பிறகுதான் அவள் உட்காருவாள். எங்கள் பக்கத்து வழக்கம் அது. ரசம் கேட்டால் சில நாள் அவளுக்குக் காதில் விழாது. இரண்டாம் முறை கேட்டாலும் விழாது. ஒருநாள் அவள் காதில் பஞ்சைப் பார்த்தேன். காது வலி என்றாள். பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயை ஆறு வாரம் விட்டேன்.

அடுத்த வீட்டுக்காரர் சிரித்தார். "அண்ணிக்குக் காது கம்மியாண்ணே? குடுத்துவெச்சவரு நீங்க. என்னா திட்டினாலும் சண்டையே வராது, போங்க!"

எண்ணெயால் குணமாகவில்லை என்று அவளைக் காது டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் கவட்டை மாதிரி இருந்த ஒரு இரும்புக் கவையைத் தட்டி, அது ரீங்கரிக்கும்போதே இரண்டு காதருகிலும் பிடித்தார். கேட்கும் திறனில் குறையில்லை என்றார். பஞ்சை எடுத்துவிட்டு, ஒரு மாதம் கவனித்து எழுதிவரச் சொன்னார்: காதுக்குள்ளேயே இரைகிறதா, பெரிய சத்தம் எதுவானாலும் வலிக்கிறதா, இல்லை ஏதாவது ஒரு சத்தம் மட்டுமா?

எனக்குப் பிடித்த வேலை. நோட்டில் கோடு போட்டு மூன்று பத்தி பிரித்தேன். முதல் பத்தி காலியாகவே இருந்தது. இரண்டாவதும் அப்படித்தான், தேர் வந்த அன்று தவிலுக்குப் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். லாரி ஹாரன், நகராட்சிச் சங்கு, எதற்கும் முகம் மாறவில்லை. மூன்றாவதில் நாளுக்கு இரண்டு குறிப்பு. அப்பளம், முகம் சுளித்தாள். மோர், உள்ளே போய்விட்டாள். முருங்கைக்காய், காதைப் பொத்தினாள். எழுதும்போதுகூட எனக்கு உறைக்கவில்லை.

டாக்டர் நோட்டைப் புரட்டிவிட்டுக் கேட்டார்: "இதெல்லாம் சாப்பிட்டது யாருங்க?"

மனைவி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"செவிடு இல்ல, காது இரைச்சலும் இல்ல. பெரிய சத்தம் தாங்காத சீக்கும் இல்ல. நீங்க மெல்ற சத்தம்தான் அவங்களால முடியல. இதுக்கு என்கிட்ட மருந்து இல்லீங்க."

பஸ்ஸில் கேட்டேன். "எத்தினி நாளா?"

"கல்யாணம் ஆன மூணாம் மாசத்துல இருந்து. வெறுப்பு இல்லீங்க. உடம்பே பத்திக்கிற மாதிரி இருக்கும். இத உங்ககிட்ட எப்பிடிங்க சொல்றது?"

பதினோரு வருடம்.

மறுநாள் மதியம் சோற்றைத் தயிரில் குழையப் பிசைந்து, மெல்லாமலே விழுங்கினேன். நிமிர்ந்தபோது கரண்டியைப் பிடித்திருந்த அவள் விரல்கள் வெளுத்திருந்தன.

"இப்பவுமா?"

"நீங்க கைய வாய்க்குக் கொண்டுபோறப்பவே கேக்குதுங்க" என்று அழுதாள்.

தட்டை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை.