லைல் ஒதுக்கிய பனி

மிச்சிகனின் வடகோடியில் வெர்னா காங்காஸ் தன் வீட்டுக்கு வரும் நீண்ட பாதையின் பனியை ஆண்டுதோறும் சிறு டிராக்டரால் தானே அகற்றிவந்தாள். முதல் பனியிலேயே பாதையின் இருபுறமும் குவியும் பனிக்கரைகளை வெகுதூரம் தள்ளிவிடுவாள். பிந்தினால் அவை பாறையாக இறுகிவிடும், அடுத்த பனியைத் தள்ள இடமிராது. இந்த ஆண்டு இடுப்பு அறுவைச் சிகிச்சைக்காக அவள் மருத்துவமனையில் கிடந்தபோது, பக்கத்து வீட்டு லைல் அந்த டிராக்டரை எடுத்து உதவி புரிந்திருந்தான்: தன் கார் நுழையும் அகலத்துக்கு மட்டும்.

அவள் திரும்பியபோது வீட்டைச் சூடாக்கும் எரிவாயு தீரும் தறுவாயில் இருந்தது. அதைக் கொண்டுவந்த லாரிக்காரன் சாலையிலேயே நின்றுவிட்டான்.

"உள்ள வந்தா மாட்டிக்குவேம்மா. வழியா இது? எலிப் பொந்து! அகலமாக்கி வைங்க, நாளைக்கு வரேன்."

"என் காரு ஜம்முனு போகுதே அக்கா," என்றான் லைல்.

"அப்போ கேஸை உன் கார்லயே குடத்துல மொண்டு கொண்டாடா."

அவன் சிரித்தான். ஏறக்கூடாதென்று மருத்துவர் சொல்லியிருந்த டிராக்டர் இருக்கையில் வெர்னா ஏறி, அதன் முன்பக்க இரும்பு வாளியின் விளிம்பால் இறுகிய பனிக்கரையைக் கொத்தத் தொடங்கினாள். ஒவ்வொரு குத்துக்கும் இடுப்பு தெறித்தது. பெயர்ந்ததோ கைப்பிடிப் பனி. லைல் காப்பிக் கோப்பையுடன் நின்று வேடிக்கை பார்த்தான்.

அவள் இருட்டும்வரை கொத்தி அகலமாக்கிய வழியில் மறுநாள் லாரி உள்ளே வந்தது.

"பாத்தியாக்கா, ஒருவழியா முடிச்சிட்டோம்ல!" என்றான் லைல்.

வெர்னா டிராக்டர் சாவியை உருவிக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு, அவன் முகத்தைப் பாராமலே உள்ளே சென்று கதவைச் சாத்தினாள்.