ஆடும் சாமியிடம் நான் கேட்டது

அடியார்களே, என் கணவரின் வலது கண் போகப் பார்த்தது. அடிபட்டது தொழிற்சாலையில். ஆனால் அதை இன்னும் ஆபத்தாக்கியது நான் கொடுத்த தயிர் சோறு.

அவருக்குக் கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்புத் தொழிற்சாலையில் கிரைண்டிங் வேலை. போன ஆவணியில் ஒரு மத்தியானம், இரும்புத் துணுக்கு தெறித்துக் கண்ணைக் கிழித்துவிட்டது. இன்சூரன்ஸ் அட்டையை எடுத்துப் போவதற்காக, துணியால் கண்ணைப் பொத்தியபடி, புதுவாயலில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்தார். ஏதோ தூசி என்று நினைத்தேன்.

"வெறும் வயித்தோட ஆஸ்பத்திரிக்குப் போவாத மாமா. ரெண்டு வாய் துன்னுட்டுப் போ," என்று தட்டு நிறையப் போட்டேன்.

சென்னை ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரம்மா முதலில் கேட்டதே, "எப்பம்மா சாப்பிட்டாரு?" என்றுதான். சொன்னேன். அவர் முகம் மாறியது.

"மயக்கத்துல அந்தச் சோறு மேல வந்து நுரையீரலுக்குள்ள போயிடலாம். செரிக்கற வரைக்கும் காத்திருக்கவும் முடியாது. அதனால சட்டுனு வேலை செய்யற மருந்து போடணும். அது தசையைத் தளர்த்தறதுக்கு முன்னாடி உடம்பெல்லாம் துடிக்க வைக்கும். அந்த அழுத்தத்துல கிழிஞ்ச கண்ணுல இருக்கறது வெளிய வந்துடலாம். துடிப்பை அடக்க முன்னாடியே வேற மருந்து கொஞ்சம் போடறேன். ஆனா சுத்தமா நிக்கும்னு வாக்கு குடுக்க முடியாது."

என் கணவர் தூக்கத்தில்கூடக் கால் ஆட்டுகிறவர். "குந்திக்கினு காலை ஆட்டாத மாமா" என்று கல்யாணமான நாளிலிருந்து திட்டுகிறேன். அந்த உடம்பா அசையாமல் இருக்கும்?

கதவுக்கு வெளியே உட்கார்ந்து திருவாலங்காட்டு நடராஜரை நினைத்தேன். "காலைத் தலைக்கு மேல தூக்கி ஆடறவன் நீ. இன்னிக்கு ஒரு நாள் இவரு உடம்புல ஆடாம நில்லு சாமி. நான் போட்ட சோறு அவரு கண்ணைப் பறிச்சிடக் கூடாது." அழுதேன்.

டாக்டரம்மா வெளியே வந்தார். "இமைகூடத் துடிக்கலம்மா. கண்ணைத் தைச்சாச்சு," என்றார். அவர் கையைப் பிடித்து என் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

மருந்துதான் துடிப்பை நிறுத்தியது என்கிறார் என் கொழுந்தனார். ஆமாம், மருந்துதான். அதை அந்த நேரத்தில் அந்தக் கையில் வைத்தது யார்?

அந்தக் கண்ணில் பார்வை கொஞ்சம் மங்கல்தான். என் முகம் தெரிகிறது, போதும். இப்போதெல்லாம் அடிபட்டவரைப் பார்த்தால் முதலில் ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறேன், சோற்றுப் பானையைத் தொடுவதில்லை. நீங்களும் அப்படியே செய்யுங்கள். பிறகு அந்த ஆடும் சாமியிடம் கேளுங்கள். செய்த தப்பையும் மறைக்காமல் சொல்லிக் கேளுங்கள். கைவிட மாட்டான்.

இதைச் சொல்லும்போது எதிர் நாற்காலியில் உட்கார்ந்து இவர் காலை ஆட்டிக்கொண்டிருக்கிறார். நான் திட்டவில்லை.